தக்கையில் வைத்த பொட்டு

“அந்த ஒயின் போட்டில மெடல் கிடைச்சிட்டா என்ன செய்வீங்க, மாமா?”

“என்ன செய்வேன்? முதலாளி புதுசா ரெண்டு டேங்க் இறக்குவாரு. நான் அங்கனயே கெடப்பேன்.”

“கிடைக்கலைன்னா?”

“கிடைக்கலைன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு உங்கிட்ட வந்துர வேண்டியதுதான். ஒரகடத்துல எத்தனை கம்பெனி இருக்கு. எவனாச்சும் ஒருத்தன் என்னைய லைன்ல நிறுத்த மாட்டானா?”

பொங்கல் விடுமுறை முடிந்து கனகலட்சுமி சென்னை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தபோது, கம்பம் பேருந்து நிலையத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு பேச்சிராஜ் சொன்னது இது. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான நாள் முதலாய் அவனிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் வைத்திருந்த ஒன்று நாக்கின் நுனி வரை வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். அவன் வாங்கிக் கொடுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, வந்த வார்த்தையையும் சேர்த்து மென்று விழுங்கிவிட்டாள்.

பேச்சிராஜ் அவளுக்கு மாமன் மகன், கட்டியவனும் அவன்தான். கம்பம் பள்ளத்தாக்கில், தோட்டங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஒயின் ஆலையில் வேலை. பன்னீர் திராட்சையில் நல்ல ஒயின் வராது என்று ஊரெல்லாம் சொன்னதைக் கேட்டு முதலாளியே சோர்ந்து உட்கார்ந்துவிட்ட பிறகும், வரும் என்று பிடிவாதம் பிடித்தவன் அவன். சீசன் வந்துவிட்டால் வீட்டுக்குக்கூடப் போகமாட்டான். டேங்க்குக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, உள்ளே சாறு பொங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாய் கண் விழிப்பது போல.

கனகலட்சுமி படித்தது கேட்டரிங். அந்தப் படிப்புக்கு அங்கே வேலையில்லை. சென்னைக்கு வெளியே ஒரகடம் சாலையில், கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் என்ஜினியர்கள் தங்கும் நட்சத்திர ஓட்டல் ஒன்றின் விருந்துப் பிரிவில் கிடைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் பெண்கள் விடுதி ஒன்றில் ஒரு கட்டிலும் அரை அலமாரியும் அவளுடையவை. அவனுக்கு இங்கே வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் அவன் உயிரை வைத்திருக்கிற வேலை அங்கே இருந்தது. அதனால்தான் அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் வந்துவிடுவானோ என்று ஒரு பயம். கேட்டும் வராமல் இருந்துவிடுவானோ என்று அதைவிடப் பெரிய பயம்.

மெடல் அவள் சார்பில் முடிவு செய்துவிடட்டும் என்று விட்டுவிட்டாள். சொன்னால் வெட்கம், கட்டிய புருஷனின் ஒயின் தோற்க வேண்டும் என்று மண்ணூர் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றியிருந்தாள். ஏற்றிவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மனசு கேட்காமல், திரும்பவும் உள்ளே போய், ஜெயிக்கட்டும் என்று இன்னொன்று ஏற்றிவிட்டு வந்தாள்.

தென் மாநில ஒயின்களுக்கான அந்தப் போட்டி அவள் வேலை பார்க்கும் ஓட்டலிலேயே நடக்கும் என்று தெரிந்தபோது அவளுக்குக் கை கால் ஓடவில்லை.

போட்டியன்று காலையில், பார் பொறுப்பாளர் ஹேமந்த் எல்லோரையும் மண்டபத்துக்குப் பின்னாலிருந்த அறையில் வரிசையாக நிற்க வைத்தார்.

“பூ வேணாம், சென்ட் வேணாம், தலைக்கு எண்ணெ வேணாம். ஜட்ஜுங்க மூக்குதான் இன்னிக்கு நமக்கு முதலாளி.”

“அப்போ கருவாட்டுக் கொழம்பு துன்னுட்டு வந்தவ கதி இன்னா சார்?” என்றாள் ஜாஸ்மின். மண்ணூர்க்காரி, கனகலட்சுமிக்கு இங்கே இருக்கும் ஒரே நெருக்கமான தோழி.

“அவ கிச்சன்ல நின்னு வெங்காயம் உரிப்பா. நீதானா அது?”

“நா சும்மா கேட்டேன் சார்.”

சிரிப்பு அடங்கியதும் ஹேமந்த் விதிகளைச் சொன்னார். பாட்டிலின் லேபிள் நடுவர்கள் கண்ணில் படக்கூடாது. ஒவ்வொன்றையும் கறுப்புத் துணிப் பையில் போட்டு, கழுத்தில் கட்டி, நம்பர் ஒட்ட வேண்டும். ஊற்றுகிறவர்கள் நடுவர்களிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. முகத்தில்கூட எதையும் காட்டக்கூடாது.

“இது ஓட்டப்பந்தயம் இல்ல, பரீட்சை. நூத்துக்கு எம்பத்தஞ்சு வந்தா வெண்கலம், தொண்ணூறு வந்தா வெள்ளி, தொண்ணூத்தஞ்சுக்குத் தங்கம். எல்லாரும் பாஸாகலாம், எல்லாரும் ஃபெயிலாகலாம். இன்னொண்ணு. இந்தக் கம்பெனிங்கள்ல யாருக்காவது சொந்தக்காரங்க இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வேற வேலை தர்றேன்.”

“எங்க சித்தப்பா இருங்காட்டுக்கோட்டைல காரு செய்றாரு சார். கார் போட்டி வெச்சா நா சொல்றேன்,” என்றாள் ஜாஸ்மின்.

எல்லோரும் சிரித்தார்கள். கனகலட்சுமியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கேள்வி அவளைத் தாண்டிப் போய்விட்டது. நானாகச் சொல்லாவிட்டால் என்ன, எனக்குக் கொடுத்தது வெறும் பை கட்டுகிற வேலைதானே என்று சமாதானம் செய்துகொண்டாள்.

பெட்டிகளைப் பிரிக்கும்போதே பேச்சிராஜின் பாட்டில்கள் அவள் கைக்கு வந்தன. லேபிளில் இருந்த ஆலையின் படத்தைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினாள். பையில் போட்டுக் கட்டினாள். ஹேமந்த் நாற்பத்தொன்று என்று நம்பர் ஒட்டினார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஊற்ற வேண்டியவர்களில் இரண்டு பேர் அன்றைக்கு வரவில்லை.

“கனகா, நீ ரெண்டாவது டேபிள் பாரு,” என்றார் ஹேமந்த்.

இரண்டாவது மேசையில் மூன்று நடுவர்கள். நடுவில் தலைமை நடுவர், பெங்களூரிலிருந்து வந்த, முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள். அவருக்கு இடப்பக்கம் பெரிய ஓட்டல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். வலப்பக்கம் புதுச்சேரியில் ஒயின் கடை வைத்திருக்கும் இளைஞர். கிளாஸைச் சாய்த்து வெள்ளைக் காகிதத்தின்மேல் பிடித்து நிறம் பார்த்தார்கள். சுழற்றி முகர்ந்தார்கள். ஒரு வாய் எடுத்து, கொப்பளிப்பது போல் வாயெல்லாம் உருட்டி, பக்கத்திலிருந்த வாளியில் துப்பினார்கள். ஒருவன் வருஷமெல்லாம் தூங்காமல் செய்ததை இவர்கள் ஒரு நிமிஷத்தில் துப்பிவிடுகிறார்களே என்று அவளுக்கு இருந்தது. துப்பாவிட்டால் பத்தாவது பாட்டிலுக்குள் தள்ளாடிவிடுவார்கள் என்பதும் தெரியும். தெரிந்து என்ன, வலிக்கத்தான் செய்தது.

நாற்பத்தொன்றாம் நம்பரின் முறை வந்தது. பின்னறையில் ஹேமந்த் பாட்டிலின் வாயை மூடியிருந்த தகட்டை வெட்டி எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

“இன்னாது இது? கார்க்குக்குப் பொட்டு வெச்சிகிறான்.”

கனகலட்சுமி எட்டிப் பார்த்தாள். தக்கையின் தலையில், தகட்டுக்கடியில் காற்றுப் படாமல் இருந்த சந்தனம். கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம். அந்த விரலை அவளுக்குத் தெரியும். அவள் மாமியார், பேச்சிராஜின் அம்மா கங்கம்மாள், அதே ஆலையில் பாட்டிலுக்குத் தகடு போடுகிற வேலையில் இருந்தாள். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அவளுக்குப் பொட்டு வைத்தாக வேண்டும். கேஸ் சிலிண்டர், மிக்ஸி, ஒரு தடவை பாங்கிலிருந்து வந்த ஏடிஎம் கார்டு. மகனுடைய பாட்டில் முதல் முறையாக ஊர் தாண்டிப் போட்டிக்குப் போகிறது. மற்றவர்கள் கண் படாமல், மகனுக்கும் தெரியாமல், தகட்டை மாட்டுவதற்கு முன்னால் ஒரு விரல் வைத்திருக்கிறாள்.

ஹேமந்த் ஒரு காகிதத் துண்டால் மேலாகத் துடைத்து, திருகைச் செருகித் தக்கையை இழுத்தார். பாட்டில் விளிம்பில் மஞ்சளாக லேசான ஒரு தடம் நின்றது. “ம், போ,” என்றார்.

சொல்லலாமா என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது? இது என் அத்தை வைத்த பொட்டு என்றா?

மூன்று கிளாஸில் ஊற்றிவிட்டு, சுவர் ஓரமாகப் போய் நின்றாள்.

பெரியவர் முகர்ந்தார். கண்ணை மூடினார். மூடியவர் திறக்க நேரமாயிற்று. “சந்தனம்,” என்றார் மெதுவாக.

“சந்தனம்தான்,” என்றார் தலைமை நடுவர். “ஆனா இது பழத்துல இருந்து வந்ததில்ல. வெளிய இருந்து ஏதோ ஒட்டியிருக்கு. எனக்கு இது குறை.”

“குறையா? எவ்வளவு அழகா இருக்கு. நான் தொண்ணூத்தஞ்சு போட்டிருக்கேன்.”

“நான் எழுபத்திரண்டு.”

இருவரும் இளைஞரைப் பார்த்தார்கள். அவர் இன்னொரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, “எனக்கு ரெண்டு பேர் சொல்றதும் சரின்னுதான் படுது. எம்பத்து நாலு,” என்றார்.

“நீங்க அரசியலுக்குப் போக வேண்டிய ஆளு,” என்றார் பெரியவர்.

இவ்வளவு வித்தியாசம் வந்தால் அந்த மதிப்பெண்ணை அப்படியே எழுதிவிட முடியாது. பாட்டில்தான் கெட்டதா, ஒயினே அப்படியா என்று பார்க்க வேண்டும். தலைமை நடுவர் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினார். “இதுக்கு இரண்டாவது பாட்டில், ப்ளீஸ்.”

பின்னறைக்கு ஓடினாள். ஹேமந்த் வேறொரு மேசைக்கு வேண்டிய கிளாஸ்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். “நீயே தொறந்துடு கனகா, உனக்குத் தெரியாததா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அறையில் அவளும் அந்தப் பாட்டிலும் மட்டும். தகட்டை வெட்டினாள். இதிலும் பொட்டு. அத்தை ஒன்றைக்கூட விடவில்லை.

இப்படியே திறந்து கொண்டுபோனால் மறுபடி சந்தனம் வரும். பெரியவர் தங்கம் என்பார். அந்த அம்மாள் குறை என்பார். யார் பேச்சு நிற்கும்? சுத்தமாகத் துடைத்துவிட்டால்? முதல் பாட்டில்தான் கெட்டது என்று ஆகிவிடலாம். பெரியவருக்குப் பிடித்தது இல்லாமல் போய் மொத்தமாகவே கீழே இறங்கிவிடலாம். எது அவனை ஜெயிக்க வைக்கும், எது அவனைத் தன்னிடம் கொண்டுவரும், அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆசைப்படக்கூட ஒரு பக்கம் வேண்டுமே. இப்போது அதுவும் இல்லாமல் போயிற்று.

கடைசியில் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, தக்கையின் தலையையும் பாட்டில் வாயையும் அழுத்தித் துடைத்தாள். திறந்த பிறகு உள்விளிம்பையும் துடைத்தாள். அவன் செய்ததை அவன் செய்தபடியே குடிக்கட்டும். அதற்கு மேல் அவளுக்கு யோசிக்க வரவில்லை.

பெரியவர் கிளாஸுக்குள் மூக்கை விட்டுத் தேடினார். சுழற்றிவிட்டுத் திரும்பத் தேடினார். தொலைந்த பொருளை ஒரே பையில் நாலு தடவை தேடுகிறவர் முகம் போல இருந்தது அவர் முகம். “போயிடுச்சு,” என்றார்.

“நல்லா சுத்தமா இருக்கு,” என்றார் தலைமை நடுவர். “பழம் தெரியுது. யாரோ அக்கறையாத்தான் செஞ்சிருக்காங்க. எம்பத்தெட்டு.”

“தொண்டைக்குள்ள இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கலாம். எம்பத்தேழு,” என்றார் இளைஞர்.

பெரியவர் மனசில்லாமல் எண்பத்து நாலு போட்டார்.

தலைமை நடுவர் மூன்றையும் கூட்டி வகுத்துப் பார்த்தார். “எம்பத்தாறு. வெண்கலம். அடுத்தது.”

அடுத்ததை ஊற்றும்போது அவள் பாட்டிலின் அடியை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வெண்கலம். கம்பம் பஸ் நிலையத்தில் அவன் இரண்டு வாக்கியங்கள் சொல்லியிருந்தான். கிடைத்தால் இது, கிடைக்காவிட்டால் அது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. இதுவும் மெடல்தான், ஆனால் புது டேங்க் இறக்கும் அளவுக்கு மெடலா? தோற்கவும் இல்லை, போதும் என்று உட்காரும்படி ஜெயிக்கவும் இல்லை. அந்தத் துணியால் ஒரு தங்கத்தைத் துடைத்துப் போட்டாளா, ஒரு தோல்வியைத் துடைத்து எடுத்தாளா, அதையும் இனி யாரும் அவளுக்குச் சொல்லப்போவதில்லை.

மதியம் தாண்டிப் போட்டியாளர்கள் வர ஆரம்பித்தார்கள். மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் பேச்சிராஜ் முதலாளிக்குப் பின்னால் வந்தான். தட்டோடு நின்ற அவளைக் கூட்டத்தில் கண்டுபிடித்து, புருவத்தை மட்டும் உயர்த்திக் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளிடமிருந்து எதையும் கேட்கக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, அவனும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெண்கலம் வாங்கியவர்களின் பெயர்களை முதலில் படித்தார்கள். அவனுடைய ஆலையின் பெயர் நடுவில் எங்கோ வந்தது. கைதட்டல் அடுத்த பெயருக்குள் கரைந்து போயிற்று. ஆனால் முதலாளி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவனுடைய கண் கலங்கியதை மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்தே அவள் பார்த்தாள். தன்னையறியாமல் அவளும் கைதட்டப் போனதில் தட்டு சாய்ந்தது. சரிந்த ஒரு கிளாஸை ஜாஸ்மின் பாய்ந்து பிடித்தாள்.

“இன்னாடி, அந்தாளு உனக்குத் தெரிஞ்சவரா?”

“எங்க வீட்டுக்காரரு.”

ஜாஸ்மின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அடிப்பாவி. வாயத் தொறக்கலியே நீ. காலைல சார் கேக்கும்போது என் ஜோக்குக்கு அவ்ளோ சிரிச்சியே.” தட்டை வாங்கிக்கொண்டாள். “போ. சார் கேட்டா நா எதுனா சொல்லிக்கிறேன். பின்பக்கமா போ.”

ஓட்டலின் பின்புறம் சரக்கு இறக்கும் மேடை. காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மதில் சுவருக்கு அப்பால் ஷிஃப்ட் விட்ட கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலோரம் சாய்ந்து தூங்கும் தலைகள். அவள் காட்டிவிட்டு வந்த சைகையைப் பார்த்துப் பேச்சிராஜ் வேகமாக வந்தான். கழுத்தில் பதக்கம். அதைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டுப் பார்த்தான். பின்பக்கம் தெரிகிறது என்று திருப்பிவிட்டான்.

“கனகு, ஒரு சங்கதி கேளு. ஜட்ஜு ஒருத்தரு, வயசானவரு, அவராத் தேடி வந்து எங்கையப் புடிச்சுக்கிட்டாரு. முதல் பாட்டில்ல சந்தன வாசம் இருந்துச்சு தம்பி, இத்தனை வருசத்துல நான் இப்பிடி ஒண்ணக் கண்டதில்லங்குறாரு. ரெண்டாவது பாட்டில்ல அது இல்லையாம். இருந்திருந்தா தங்கம்னாரு.”

அவள் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சந்தனம், புள்ள. நம்ம பன்னீர் திராட்சையில. மேக்கால தோட்டத்துப் பழமாத்தான் இருக்கணும். இல்லேன்னா அந்த மழைக்கு முந்திப் பறிச்சது. அதத் தனியா வச்சுப் பாக்கணும். ரெண்டு மூணு சீசன் ஆகும். முதலாளி சரின்னுட்டாரு. வருசம் எத்தனை ஆனாலும் புடிச்சிரு பேச்சிங்குறாரு.”

அவன் முகம் அப்படி ஒளிர்ந்து அவள் பார்த்ததில்லை. கல்யாண மேடையில்கூட இல்லை. தோட்டம் தோட்டமாக அலைந்து, டேங்க் டேங்க்காக முகர்ந்து, இல்லாத ஒன்றைத் தேடி அவன் கிடக்கப்போகும் வருஷங்கள் அவள் கண்முன் நீண்டன. அது அத்தை வைத்த பொட்டு, மாமா. ஒரு வரி போதும். சொன்னால் இந்த முகம் அணைந்துவிடும். அணைந்தவன் ஒருவேளை பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தும் விடுவான்.

அப்படி வருகிறவன் யாரிடம் வருவான்? தோற்றுப்போய் வருவான். போக இடமில்லாமல் வருவான். மெழுகுவர்த்தியிடம் விட்டாள், மதிப்பெண்ணிடம் விட்டாள், இப்போது ஒரு விரல் சந்தனத்திடம் விடப் பார்க்கிறாள். யாராவது, எதுவாவது, தனக்குப் பதிலாகப் பேசிவிடாதா என்றே இத்தனை காலமும் நின்றிருக்கிறாள். பொட்டு விஷயத்தை அவனிடம் மறைக்கப்போவதில்லை. சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், அன்றைக்கு பஸ்ஸில் மென்று விழுங்கிய அந்தக் கேள்வி.

“என்ன புள்ள, பேசாம நிக்கிற? சந்தோசமா இல்லையா?”

“சந்தோசமாத்தான் இருக்கு.” “மாமா, நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாது. முடியாதுன்னு சொன்னாலும் சொல்லுங்க.”

அவன் சிரிப்பு மெல்ல நின்றது. அவளுடைய கையைப் பிடித்தான்.

“கேளு.”

“எனக்கு அந்த ஹாஸ்டல் கட்டில்ல நீங்க இல்லாமப் படுக்க முடியல, மாமா. உங்களுக்கு அந்த ஒயின் எவ்வளவுன்னு தெரிஞ்சுதான் கேக்குறேன். அத விட்டுட்டு நீங்க இங்க வந்துருங்க. எங்கூட இருங்க.”